குழந்தை யார்கிட்ட இருக்கு

“ரெண்டே கால் இருக்கும்” என்றார் ஃப்ரிட்ஜ்காரர்.

அவரிடம் யாரும் மணி கேட்கவில்லை. மகளும் மாப்பிள்ளையும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு, நடுவில் மல்லாந்து கிடந்த மூன்று மாதக் குழந்தையின் முகவாய் யாருடையது என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்கு அதில் அக்கறை இல்லை. தனக்கு ஒரு கை இருப்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டுபிடித்திருந்தாள். அதை முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்த ஆளாக இருக்கிறதே என்பது போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முகவாய் எங்க அம்மாவோடது” என்றார் மாப்பிள்ளை.

“உங்க அம்மாவுக்கு முகவாயே கிடையாதே” என்றாள் மகள். அதே மூச்சில், “அடுத்த மாசம் நான் டூட்டிக்குப் போகணும். காலைல பாப்பாவ அப்பா பாத்துக்குவாரு” என்றாள்.

அப்போதுதான் ஃப்ரிட்ஜ்காரர் அந்த மணியைச் சொன்னார்.

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இல்லியே மாமா, அஞ்சு ஆகப்போகுதே.”

ஃப்ரிட்ஜ்காரரின் மனைவி கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள். “விடுங்க மாப்பிள்ளை. அவரு கோர்ட்டுக்குப் போயிட்டாரு. இப்ப வந்துடுவாரு.”

வீட்டுக்காரர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. டீக்கடையில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால், “தட்டு அஞ்சும் வெளில காஞ்சுது” என்பார். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தால், “கொண்டி போட்ட கதவுங்க, உள்ளேர்ந்து திறக்காது” என்பார். எல்லாம் இருபத்துநான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள். கோர்ட்டில் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் வந்தார். ஆனாலும் பதில்கள் அவரை விடவில்லை.

அவர் உட்கார்ந்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. காலில் சக்கரம் கட்டிய மனுஷன். சாப்பிடும்போதே தட்டோடு எழுந்து போய் வாசல் கதவைப் பார்த்துவிட்டு வருவார். ரிப்பேருக்குப் போன வீட்டில் நாற்காலி போட்டால், அதில் டூல்ஸ் பையை உட்காரவைத்துவிட்டு அவர் நிற்பார். வேலை முடிந்ததும் அந்த வீட்டில் உள்ள பீரோ, பெட்டி, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்த்து மூடுவார். புது ஆட்கள் திருடனோ என்று பயந்துபோவார்கள். தெரிந்தவர்கள், “திறந்து பாத்துக்கோங்க சார், இந்த மாசம் யாரும் ஒளிஞ்சுக்கல” என்று சிரிப்பார்கள். ஏன் பார்க்கிறார் என்று தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

அவர் வீட்டில் சமையலறை அலமாரிக்குக் கதவு இல்லை. துணி பீரோவுக்கும் கதவு இல்லை. மனைவி அதற்கு ஒரு பூப்போட்ட திரை தைத்துப் போட்டிருந்தாள்.

நடந்தது இதுதான். அப்போது அவருக்குக் கீழ்த்தளத்தில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை, மாடியில் வீடு. மனைவி மாடியில் தையல் மெஷின் போட்டிருந்தாள். வயிற்றில் ஆறு மாதம். தங்கச்சி பேருந்தில் கண்டக்டர். அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. எல்லோரும் அதை வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்ற தாயே பள்ளிக்கூட ஃபாரத்தில் பேர் எழுதும் இடத்தில் ஒரு நொடி யோசித்தாளாம்.

தங்கச்சிக்கு மதிய டூட்டி விழும் நாட்களில் வாலு மாமா வீட்டுக்கு வந்துவிடும். ஒப்படைப்பது, வாங்கிக்கொள்வது என்று ஒன்றும் கிடையாது. தங்கச்சி தெருமுனையில் இறக்கி விடுவாள். குழந்தை ஓடி வந்து கடை வாசலில் நின்று, “நான் வந்துட்டேன்” என்று அறிவிக்கும். அவ்வளவுதான். ‘பாத்துக்கோ’ என்று அவள் சொன்னதில்லை. சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும். “எங்க வீட்டுப் புள்ளய எனக்குப் பாத்துக்கத் தெரியாதா” என்பார். நடுவில் போன் பண்ணி ‘குழந்தை எங்க’ என்று கேட்டால் அண்ணிக்கு முகம் சுண்டிவிடும். அந்தக் குடும்பத்தில் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. கேட்டால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். குழந்தை மாடிக்கும் கடைக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மாடியில் இல்லையென்றால் கடையில், கடையில் இல்லையென்றால் மாடியில்.

தொழிலில் அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கடைக்குள் வரும் ஃப்ரிட்ஜுக்கு முதல் வேலை, கதவைக் கழற்றுவது. கதவு மேலே இருக்க வேண்டும் என்றால் உள்ளே தட்டுகள் மாட்டியிருக்க வேண்டும். தட்டு இருந்தால் உள்ளே ஒரு பூனை கூட உட்கார இடம் இருக்காது. கதவு, தட்டு, இரண்டில் ஒன்றுதான் இல்லாமல் இருக்கலாம். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. குழந்தை ஓடுகிற கடை என்று அவராகவே வைத்துக்கொண்டது.

அன்றைக்கு வந்திருந்தது பழைய காலத்துப் பெரிய ஃப்ரிட்ஜ். கதவை மூடினாலே கொண்டி தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும், வெளியே கைப்பிடியைத் திருகினால்தான் திறக்கும் வகை. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை செத்துப்போயிருந்தது. புதுப் பட்டை மாட்டி, கதவை ஏற்றி, இடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். காகிதம் வரவில்லை, பட்டை நன்றாகப் பிடித்திருந்தது. புது ரப்பர் படிய வேண்டுமென்றால் கதவு நாலு மணி நேரம் மூடியே இருக்க வேண்டும். மூடி வைத்தார். தட்டுகள் ஐந்தையும் காலையில் மனைவி கழுவி, பின்பக்கம் வெயிலில் காயப்போட்டிருந்தாள். எடுத்து மாட்டப் போனபோது போன் வந்தது. ஒரு மருந்துக் கடையில் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது, மருந்தெல்லாம் கெட்டுப்போகும் என்றார்கள். மணி இரண்டே கால்.

அவர் மாடிப்படியைப் பார்த்து, “நான் போயிட்டு வர்றேன்” என்றார். மேலே தையல் மெஷின் ஒரு நொடி நின்றது. “சரி” என்றது மனைவியின் குரல். மெஷின் மறுபடி ஓடியது.

மாடியில் இருந்தவள், குழந்தை அவரோடு போய்விட்டது என்று நினைத்தாள். அவர் எத்தனையோ தடவை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக் கூட்டிப் போயிருக்கிறார். அவர், குழந்தை மாடியில் இருக்கிறது என்று நினைத்தார். நாலு மணிக்கு அவர் தனியாகத் திரும்பி வந்தபோதுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதன் பிறகு கால் மணி நேரம் தெருவெல்லாம் ஓடினார்கள். கடைசியாகத்தான் அவர் கடைக்குள் வந்து, மூடிய கதவைப் பார்த்தார்.

வாலுக்குக் கண்ணாமூச்சி என்றால் உயிர். யாரும் தேடாவிட்டாலும் ஒளிந்துகொள்ளும்.

போலீஸ் வந்தது. தங்கச்சியும் அவள் புருஷனும், எங்களுக்குப் புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “நீங்க புகார் குடுக்கலன்னாலும் கேஸ் உண்டும்மா. போனது குழந்தை. அதுக்குப் புகார் குடுக்க வாயில்ல. அதனால அதுக்காக நாங்க குடுக்கணும்.”

கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு. வழக்கு நடந்த மூன்று வருடத்தில் மகள் பிறந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டாள். வக்கீல் ஒல்லியான ஆள், மூக்குப்பொடி போடுவார். முதல் நாளே விரல் விட்டுச் சொன்னார்.

“இங்க பாருங்க. சட்டம் மூணு கேக்கும். குழந்தை உங்க பொறுப்புல இருந்துச்சா? இப்படி ஆகும்னு ஒரு சாதாரண மனுஷன் யோசிச்சிருப்பானா? யோசிச்சும் அலட்சியமா விட்டீங்களா? மூணுக்கும் ஆமான்னா உள்ள. ஒண்ணுக்கு இல்லைன்னாலும் வெளிய.”

“மூணுக்கும் ஆமாதாங்க” என்றார் ஃப்ரிட்ஜ்காரர்.

வக்கீல் பொடியை உறிஞ்சாமல் அப்படியே டப்பாவில் போட்டு மூடினார். “யோவ், நான் உன் வக்கீல்யா. இதெல்லாம் எதிர்த்தரப்புக்காரன் சொல்லட்டும். போயிட்டு வர்றேன்னு சொன்னே, உன் சம்சாரம் சரின்னு சொன்னாங்க. அதோட பொறுப்பு கை மாறிடுச்சு. நீ இல்லாத நேரத்துல நடந்ததுக்கு நீ எப்படிப் பொறுப்பு? அப்படித்தான் போகணும்.”

“அப்ப அவள உள்ள வெப்பாங்களா?”

“மாசமா இருக்கற பொம்பள. ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”

“போயிட்டு வர்றேன்னுதான் சொன்னேன். குழந்தைய வெச்சுக்கோன்னு சொல்லல. நான் யார்கிட்டயும் குடுக்கல. குடுக்கலைன்னா என்கிட்டதான இருக்கணும்?”

இதைச் சொல்லிச் சொல்லி வக்கீலின் உயிரை எடுத்தார். தப்பு வேறு, குற்றம் வேறு என்று வக்கீல் பாடம் எடுத்தார். தப்புக்கு மனசாட்சி போதும், குற்றத்துக்குச் சாட்சி வேண்டும் என்றார். ஒன்றும் ஏறவில்லை.

தங்கச்சியைக் கூண்டில் ஏற்றிய நாள் அவருக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. டூட்டியிலிருந்து நேரே வந்திருந்தாள். யூனிஃபார்ம், தோளில் தோல் பை. அரசாங்க வக்கீல் கேட்டார்: “குழந்தையை யாரிடம் ஒப்படைத்தீர்கள்?”

“ஒப்படைக்கல்லாம் இல்லைங்க. எங்கண்ணன் வீட்ல விட்டேன்.”

“பார்த்துக்கொள்ளும்படி சொன்னீர்களா?”

“இல்லைங்க. எங்க வீட்ல அப்படிச் சொல்ற பழக்கம் இல்லை.”

“சொல்லாமல் எப்படி அவர் பொறுப்பு ஏற்றுக்கொண்டதாக நினைத்தீர்கள்?”

அவள் அந்த வக்கீலை மேலும் கீழும் பார்த்தாள். சில்லறை இல்லாமல் பெரிய நோட்டை நீட்டும் பயணியைப் பார்ப்பது போல. “அவன் என் அண்ணன்ங்க” என்றாள்.

“அவருக்குத் தண்டனை கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களா?”

“அத என்கிட்ட கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, யாரும் இறங்கச் சொல்லும் முன்பே கூண்டை விட்டு இறங்கிப் போனாள். அன்றைக்கு அவளுக்கு மூன்று மணி வண்டி இருந்தது.

தீர்ப்பு இரண்டு பக்கம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து கவனித்துவந்த குழந்தை, பல சிறிய காரணங்கள் ஒரே மதியத்தில் ஒன்றுகூடியிருக்கின்றன, எந்தத் தனி நபரின் மீதும் சட்டம் சொல்லும் அளவுக்கு அலட்சியம் நிரூபணமாகவில்லை, விடுதலை. வக்கீல் முதுகில் தட்டினார்.

“அப்ப யாருங்க?” என்று கேட்டார் ஃப்ரிட்ஜ்காரர்.

“யாரு என்ன யாரு?”

“நான் இல்லைன்னா யாரு?”

“யாரும் இல்லைன்னு அர்த்தம்யா. விபத்து.”

“யாரும் இல்லாம எப்படிங்க?”

வக்கீலுக்கு அடுத்த கேஸ் இருந்தது.

மறுவாரம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. சாட்சிப் பொருளாக வைத்திருந்த ஃப்ரிட்ஜை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். சொந்தக்காரர் எனக்கு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். ஸ்டேஷன் பின்புறம் மூன்று வருட மழையில் நின்ற அந்தப் பெட்டியை ஃப்ரிட்ஜ்காரர் அங்கேயே, போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழற்றினார். முதலில் கதவு. பிறகு கதவிலிருந்து கொண்டி. பிறகு ரப்பர் பட்டை. இன்றைக்கும் கெடாமல் நல்லா பிடிக்குது என்று ஒரு போலீஸ்காரர் சாதாரணமாகச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

தங்கச்சியின் புருஷன் அந்த வருடமே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போனவர், திரும்பவில்லை. தங்கச்சி அண்ணன் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. வருவாள், சாப்பிடுவாள், டிப்போ வம்பெல்லாம் பேசுவாள். அந்த ஒன்றை மட்டும் யாரும் பேசவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்கிற பழைய பழக்கம், போகாமல் அப்படியே தங்கிவிட்டது.

மகளை அவர் வளர்த்தார் என்றும் சொல்லலாம், வளர்க்கவில்லை என்றும் சொல்லலாம். மனைவி பக்கத்தில் இருந்தால்தான் தூக்குவார். அறையில் குழந்தையோடு தனியாக இருக்க நேர்ந்தால் வாசலுக்கு வந்து நின்று, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுப்பார். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பத்தடி பின்னால் நடந்து போவார். “எங்கப்பா எனக்கு அப்பாவா, சிஐடியா?” என்று மகள் ஏழாம் வகுப்பில் கேட்டிருக்கிறாள்.

இப்போது அந்த மகளுக்கு ஒரு மகள். மூன்று மாதமாக ஃப்ரிட்ஜ்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பேத்தியைப் பார்த்துவருகிறார். ஒரு கை தூரம் தள்ளி நிற்பார். பாப்பா கொட்டாவி விட்டால் அவர் வாயும் திறக்கும். தூக்கத்தில் அது எதற்கோ சிரித்தால், அன்று முழுக்கக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தொடமாட்டார்.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. காலை ஏழரை முதல் ஒரு மணி வரை. மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் சாலையில். மனைவி சீருடை தைக்கும் கம்பெனியில் இருந்தாள், அவளும் மதியம்தான் வருவாள். கணக்குப் போட்டுப் பார்த்தால் காலையில் மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான்.

அந்த ஒரு மாதம் அவர் நெருப்பின் மேல் நிற்பவர் போல இருந்தார். முதல் வாரம், தனக்குக் காது மந்தமாகிவிட்டது, குழந்தை அழுதால் கேட்காது என்றார். அடுத்த அறையில் மனைவி முணுமுணுத்ததற்கு அவரே பதில் சொன்னதும் அது அடிபட்டுப்போனது. இரண்டாம் வாரம், கையில் ஃப்ரிட்ஜ் கேஸ் வாடை இருக்கிறது, பாப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். மகள் சோப்பு வாங்கி வந்தாள். மூன்றாம் வாரம், குழந்தைகள் காப்பகம் ஒன்று இருக்கிறதாம் என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

“பாத்துட்டு வந்தீங்களா?” என்றாள் மகள்.

“பாத்தேன். அங்க பீரோவுக்கெல்லாம் கதவு இருக்கு.”

மகள் சிரிக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “அப்பா, எனக்குத் தெரியும். அம்மா முழுசா சொல்லிட்டாங்க. நான் வயித்துல இருக்கும்போது நடந்தது. நீங்க அம்மாவக் காட்டிக் குடுத்திருந்தா நான் ஜெயில்லதான் பிறந்திருப்பேன்.”

“மாசமா இருக்கற பொம்பளய ஒண்ணும் பண்ணமாட்டாங்கன்னு வக்கீல் சொன்னாரு.”

“பாப்பாவ உங்ககிட்டதான் விடுவேன். இல்லைன்னா வேலைய விடுவேன். நீங்களே முடிவு பண்ணுங்க.”

“உங்க அத்தைய கேக்காம முடியாது.”

“கேளுங்க.”

கேட்பது என்பது அந்தக் குடும்பத்தில் எவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் குரலை இறக்கவில்லை.

திங்கட்கிழமை மகளுக்கு வேலை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஃப்ரிட்ஜ்காரர் டிப்போவுக்குப் போனார். தங்கச்சியின் வண்டி ஓரமாக நின்றிருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். காலி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து அவள் டிக்கெட் மெஷினுக்குப் பேப்பர் சுருள் மாட்டிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாதம்.

“உக்காருண்ணே. டிக்கெட் கேக்க மாட்டேன்.”

அவர் உட்காரவில்லை. பஸ்ஸுக்குள் முன்னும் பின்னும் நடந்தார். ஒவ்வொரு சீட்டின் கம்பியையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒன்று ஆடியது.

“போல்ட் லூஸா இருக்கு.”

“அதச் சொல்லத்தான் வந்தியா?”

“பாப்பாவ என்கிட்ட விடறேங்கறா.”

“தெரியும். போன் பண்ணா. நீ வருவேன்னு நாலு நாளா எதிர்பாக்கறேன். அவ்ளோ நாளா எங்க நடந்துட்டு இருந்தே?”

“நீ வேணாம்னு சொல்லு.”

“இது நல்லா இருக்கே. நீ மாட்டேன்னு சொல்றதுக்கு என் வாய் வாடகைக்கு வேணுமா?”

அவர் டிரைவர் சீட் வரை போய்த் திரும்பி வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கோர்ட்ல யாரும் இல்லைன்னுட்டாங்க. அது எனக்குப் பத்தல. இத்தன வருஷமா எங்க போனாலும் யாரோ கேக்கறாங்க, நான் பதில் சொல்லிட்டே இருக்கேன். நீ ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீயாவது சொல்லும்மா. நான்தான்னு சொல்லு.”

அவள் சுருளை மாட்டி, மூடியை அழுத்தினாள். மெஷின் ஒரு வெற்று டிக்கெட்டைத் துப்பியது. அதைக் கிழித்துச் சுருட்டினாள்.

“நீதான்” என்றாள்.

அவர் பிடித்திருந்த கம்பியை விட்டார்.

“நீதான்ணே. கதவ மாட்டினது நீ. தட்ட வெளிய வெச்சது அண்ணி. வாலு எங்கன்னு நீயும் கேக்கல, அவளும் கேக்கல. நானும்தான். அன்னிக்கு மூணு மணிக்கு இந்த டிப்போவுலதான் இருந்தேன். போன் பக்கத்துலயே இருந்துச்சு. குழந்தை சாப்பிட்டாளான்னு கேக்கலாம்னு எடுத்தேன். கேட்டா நீ கோச்சுப்பே, அண்ணி மூஞ்சத் தூக்குவாங்கன்னு வெச்சுட்டேன். இத நான் கோர்ட்ல சொல்லல. அவங்க அதக் கேக்கல. கேட்டிருந்தா என்னையும் சேத்துப் புடிச்சிருப்பாங்களா?”

ஃப்ரிட்ஜ்காரர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் தொடை மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டார். வாலு என்கிற சொல்லை இத்தனை வருடத்தில் ஒருவர் வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. வெளியே ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

“என்னை மன்னிச்சுட்டியா?” என்றார்.

“அது நாளுக்கு நாள் மாறுதுண்ணே. காலைல முதல் வண்டி எடுக்கறப்போ மன்னிச்சுடறேன். சாயங்காலம் ஸ்கூல் புள்ளைங்க ஏறும்போது இல்லைன்னு ஆயிடுது. இனிமே இது ஒரே மாதிரி ஆகும்னு எனக்குத் தோணல. நீயும் எதிர்பாக்காத.”

“சரி.”

“ஆனா புள்ளய யார்கிட்ட விடலாம்னு என்னக் கேட்டா நான் சொல்லுவேன். அடுத்தவங்க வீட்டு வாஷிங் மெஷின கூடத் திறந்து பாக்காம வராத ஆள் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான்.” அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். “ஒண்ணு மட்டும். நான் விசில் குடுத்தாதான் இந்த வண்டி நகரும். டிரைவருக்குக் கண்ணாடியில எல்லாந் தெரியும், ஆனாலும் குடுத்தாதான் எடுப்பான். முப்பது வருஷமா அவன் ஒரு நாளும் கோச்சுக்கல. நம்ம வீட்லதான் விசிலே கிடையாது. சொல்லிக் குடுங்க, சொல்லி வாங்குங்க. கேட்டா கோச்சுக்காதீங்க. கோச்சுக்கிட்டாலும் பரவால்ல, கேளுங்க.”

டிரைவர் ஏறினார். கடைசி சீட்டில் ஒரு ஆள் கையை விரித்து உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்து, “யாரும்மா, ஸ்டாஃபா?” என்றார்.

“எங்கண்ணன். இங்கயே இருக்கட்டும். இப்பத்தான் உக்காந்திருக்கான்” என்றாள் தங்கச்சி.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவர் வீட்டைச் சுற்றி மூன்றாவது சுற்று வந்துகொண்டிருந்தார். குளியலறை வாளியைக் கவிழ்த்து வைத்தார். தொட்டிலின் கம்பியை ஆட்டிப் பார்த்தார். பீரோவின் பூத்திரையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஏங்க, பாப்பாவுக்கு இன்னும் குப்புற விழவே தெரியாது. பீரோவுக்கு எங்க போகப்போவுது?” என்றாள் மனைவி.

“கத்துக்கும்ல.”

மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று, ஏதோ விட்டுவிட்டது போலத் திரும்பினாள். அந்த வாசலில் அவள் இதுவரை கேட்டிராத ஒன்றைக் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள். “நான் போயிட்டு வர்றேன். பாப்பா யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்ட, ஏழு மணி வரைக்கும்” என்றாள் மகள் உள்ளேயிருந்து.

“சரி” என்றாள் மனைவி. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஒரு நொடி நின்றாள். பிறகு படி இறங்கினாள்.

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மகள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். பால் குடித்து முடித்த சூட்டில் பாப்பாவின் கன்னம் சிவந்திருந்தது. உதட்டோரம் ஒரு வெள்ளைச் சொட்டு.

“அப்பா, பாப்பா இப்ப உங்ககிட்ட.”

அவர் கை பின்னால்தான் இருந்தது. அதைப் பிரித்து முன்னால் கொண்டுவர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மகள் அவசரப்படுத்தவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. பாப்பாவின் தலை அவர் முழங்கை மடிப்பில் வந்து உட்கார்ந்தது. ஐந்தே முக்கால் கிலோ என்று சொன்னார்கள். ஒரு சின்ன கம்ப்ரஸர் அளவு கூட இல்லை. பாப்பா அவரை உற்றுப் பார்த்தாள், தன் கையைப் பார்த்த அதே பார்வை. பிறகு அவர் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லுங்கப்பா” என்றாள் மகள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“ஆட்டக்கூடாது. சொல்லணும். அத்தை சொல்லியிருக்காங்க.”

“வாங்கிட்டேன்” என்றார்.

மகள் போய்விட்டாள். அவர் உட்காரவில்லை. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து வாசல் என்று நடந்தார். எட்டு மணிக்குள் மனைவிக்கு இரண்டு முறை போன் பண்ணிவிட்டார். இரண்டாவது தடவை தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் அவள், “இப்பத்தானே சொன்னீங்க” என்றாள். ஆனால் கோபித்துக்கொள்ளவில்லை.

எட்டேகாலுக்குத் தங்கச்சியின் பஸ் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். அவர் வாசலில் வந்து நின்றார். இங்கே நிறுத்தம் கிடையாது. வளைவில் வண்டி மெதுவாகும், அவ்வளவுதான். அவள் பின் படிக்கட்டில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வாயில் விசில். அண்ணன் தோளில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை; விசில் வாயில் இருக்கும்போது எப்படிக் கேட்பாள்.

ஃப்ரிட்ஜ்காரர் பாப்பாவின் தலைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்:

“என்கிட்டதான் இருக்கா.”